ஏறி ஓட்டப்போவதில்லை, மாஸ்டர்

அன்புள்ள மாஸ்டருக்கு,

நேற்று ராத்திரி முடிவு செய்துவிட்டேன். காப்பகத்துக் குதிரையை 100 நாளில் பழக்கிக் காட்டும் அந்தப் போட்டிக்கு அவளைக் கொண்டுபோகிறேன். ஆனால் கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவுக்கு மட்டும். ஏறி ஓட்டும் சுற்றிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி எழுதி அனுப்பியாயிற்று. நீங்கள் சொன்னதற்குப் பயந்து இப்படிச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். எப்படியும் நினைப்பீர்கள், தெரியும்.

பெயர் கொடுக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, வருத்தம்தான். ஆனால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். உங்கள் பேச்சைத் தட்ட எனக்கு வராது. அவள் அந்தக் காப்பகத்திலேயே நின்றிருப்பாள். அதனால் என் வருத்தத்தைப் பாதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னங்காலைத் தூக்கப் பழக்கிய அந்தச் சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கூப்பிடாமலே வந்தீர்கள். என்னோடு பேசக்கூட இல்லை. நீளமான பருத்திக் கயிற்றை அவள் கணுக்காலைச் சுற்றிப் போட்டு, எட்டி நின்று மெல்ல இழுத்தீர்கள். உதைத்தாள். கயிறு தளரவில்லை, இறுகவும் இல்லை. மறுபடி உதைத்தாள், சுழன்றாள், உங்களையும் மண்ணில் இழுத்துக்கொண்டு போனாள். நான் "விட்டுடுங்க மாஸ்டர்" என்று கத்தினேன். "உதைக்கும்போது விட்டால் உதைக்கத்தான் கற்றுக்கொடுக்கிறாய்" என்றீர்கள், மூச்சு வாங்கிக்கொண்டே. அப்புறம் ஒரு நொடி அந்தக் கால் சும்மா தொங்கியது. அந்த நொடியிலேயே கயிற்றை விட்டீர்கள். எனக்குக் கால் அடங்கியதே புரியவில்லை, அதற்குள் உங்கள் கை திறந்துவிட்டது. குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, அதை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எனக்குப் புரிந்தது அன்றுதான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நீங்கள் நொண்டியபடி போனபோது பின்னாலேயே ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கலாம். வரவில்லை. ஏனென்றால் கதவருகே நின்று நீங்கள் சொன்ன அந்த இன்னொரு வாக்கியம். அதை இங்கே எழுதமாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நம் இருவரையும் தெரியும்.

அவளை எடுத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் உங்களைத்தான் கேட்டார்களாம். லாயத்தில் இடமில்லை என்றீர்களாம். இருக்கலாம். ஆனால் இடமில்லை என்றவர், இடம் கொடுத்தவளைப் பார்த்துக் கைதட்டலுக்கு ஆசைப்படுகிறாள் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லக் கூடாது, மாஸ்டர்.

வந்தபோது 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவில் அவள் 2. விலா எலும்பை எண்ணலாம். பாவம் என்று தானியத்தை அள்ளிப் போட்டிருந்தால் அன்போடு கொன்றிருப்பேன். பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று ஏறினால் ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸும் மக்னீசியமும் சரிந்து இதயம் நின்றுவிடும். தானியத்துக்குப் பதில் குதிரைமசால் என்ற தீவனத் தழையைக் கொஞ்சம் கொஞ்சமாக, ராத்திரியும் எழுந்து எழுந்து போட்டேன். போட்டியின் முதல் பகுதி அப்படியே தீனியில் போனது. மற்றவர்கள் சேணம் பழக்கிய நாட்கள் அவை.

100 நாள் என்ற கெடு உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும்தான். 2007-இல் அமெரிக்காவில் மஸ்டாங் என்ற காட்டுக் குதிரைகளை வைத்துத் தொடங்கிய போட்டியிலும் ஏறக்குறைய அதே கெடுதான். ஆனால் அங்கே வருபவை அரசுப் பட்டியில் தின்று தேறிய குதிரைகள். எலும்பும் தோலுமாக வந்ததற்கும் அதே கெடு என்பது நியாயமில்லை. பல்லைப் பார்த்தால் அவளுக்கு 4 வயது. முதுகெலும்பின் வளரும் முனைகள் முழுதும் எலும்பாக இறுக ஐந்தரை, ஆறு வயதாகும். அதற்காக யாரும் அதுவரை ஏறாமல் இருப்பதில்லை, தெரியும். ஆனால் இவளுக்கு முதுகில் தசையே இப்போதுதான் பிடிக்கிறது. அதன்மேல் நான் உட்கார்ந்து பரிசு வாங்க வேண்டியதில்லை. இது நானே கண்டது. என் கையால் தடவிப் பார்த்து எடுத்த முடிவு.

ஆனால் அந்தக் கெடு இல்லாவிட்டால் அவளை யார் எடுத்திருப்பார்கள்? அதற்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. காப்பகத்துக்கு வருகிற ஒருவர், கிட்டே போனாலே கண்ணை உருட்டிப் பின்வாங்கும் குதிரையை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். தலைக்கயிறு மாட்ட விடுகிற, நாலு காலையும் தூக்கக் கொடுக்கிற, வண்டியில் தானே ஏறுகிற குதிரையைக் கொண்டுபோவார். போட்டியைப் பார்க்க வரும் கூட்டத்தில் அப்படி ஒருவர் போதும். அவளை நானே வைத்துக்கொள்ளப்போகிறேனா என்று கேட்காதீர்கள். அதை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

லாடக்காரர் போன வாரம் வந்திருந்தார். பின்னங்காலைப் பேசாமல் கொடுத்தாள். யார் பழக்கியது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். கோபத்தோடுதான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

போட்டி அன்று நீங்கள் வந்தால் வேலிக்கு வலது பக்கம் நிற்க வேண்டாம். அந்தப் பக்கம் இன்னும் அவள் மிரள்கிறாள். உங்கள் பழைய சேணம் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். இப்போதைக்குத் தேவைப்படாது. கொண்டுவந்து தரட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று சொல்லுங்கள். போனில் சொல்லுங்கள், இதன் கீழே எழுத வேண்டாம்.