தெரியாத பக்கம்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்பின் மருமகளுக்கு,

நீர் மல்லாவியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த கணிதக் கொப்பியின் இரண்டு பக்கங்களையும் நேற்றிரவு ஆறுதலாக இருந்து பார்த்தேன். நீர் விட்ட பிழைகளையே கிளிநொச்சியில் என்னிடம் படிக்கும் சாதாரண தரப் பிள்ளைகளும் விடுகிறார்கள் என்பதால், பதிலை உமக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். உமது பெயரைப் போடவில்லை.

முதலாவது கணக்கை எடுப்போம். ஏபிசி என்னும் முக்கோணியில் ஏபியும் ஏசியும் சமம். பிசி என்ற பக்கம் டி வரை நீட்டப்பட்டிருக்கிறது. ஏசிடி என்ற புறக்கோணம் 110 பாகை. பிஏசி என்ற கோணத்தைக் காண வேண்டும். நீர் 42 பாகை என்று எழுதிவிட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர். ஏ என்ற உச்சியைச் சுற்றிப் பென்சிலால் கீறி அழித்த தடம் தெரிகிறது. பாகைமானியை வைத்து அளந்திருக்கிறீர். புத்தகத்தில் உள்ள படம் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக வரையப்பட்டதேயன்றி, அளந்து பார்ப்பதற்காக வரையப்பட்டதன்று. நேர்கோட்டில் அமைந்த அடுத்துள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பதால் ஏசிபி 70 பாகை. சமமான பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம் என்பதால் ஏபிசியும் 70 பாகை. ஆகவே எஞ்சியது 40 பாகை. இரண்டு பாகைதானே வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். உச்சிக்கோணம் 42 என்றால் அடிக்கோணங்கள் ஒவ்வொன்றும் 69 ஆகிவிடும், அப்போது புறக்கோணம் 111 ஆக வேண்டும், ஆனால் கணக்கோ 110 என்று தந்திருக்கிறது. தந்த தரவோடு மோதுகிற விடை எவ்வளவு கிட்டியதாக இருந்தாலும் பிழையான விடைதான். விடை கண்டதும் அதைத் திரும்பக் கணக்குக்குள் போட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நான் இழந்த புள்ளிகள் கொஞ்சமல்ல.

இரண்டாவது கணக்கில் உள்ள பிழை இன்னும் முக்கியமானது. ஏபி 8 சென்ரிமீற்றர், ஏசி 5 சென்ரிமீற்றர், அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகை. பிசியின் நீளம் என்ன? நீர் 8இன் வர்க்கத்தையும் 5இன் வர்க்கத்தையும் கூட்டி, 89இன் வர்க்கமூலத்தை எடுத்து, 9.43 என்று முடித்திருக்கிறீர். பைதகரசின் தேற்றம் செங்கோண முக்கோணிக்கு மட்டுமே உரியது என்று உமக்குத் தெரியும். இரண்டு பக்கங்களைக் கண்டவுடன் கை தானாக அங்கே போய்விட்டது. செங்கோணம் இல்லாத இடத்தில் அதை நாமே உண்டாக்கலாம் என்பதுதான் இங்கே செய்ய வேண்டியது. சி என்ற உச்சியிலிருந்து ஏபிக்கு ஒரு செங்குத்து இறக்கி, அது தொடும் புள்ளியை டி என்று குறியும். இப்போது ஏசிடி ஒரு செங்கோண முக்கோணி. அதன் கோணங்கள் 60, 90, 30. சமபக்க முக்கோணி ஒன்றை நடுவே பிளந்தால் வரும் பாதி இதுவேயாகையால், ஏடி என்பது ஏசியின் சரிபாதி, அதாவது 2.5. இதற்குத் திரிகோணகணித அட்டவணையே தேவையில்லை. சிடியின் வர்க்கம் 25இலிருந்து 6.25ஐக் கழிக்க வரும் 18.75. டிபி என்பது 8இலிருந்து 2.5 போக 5.5, அதன் வர்க்கம் 30.25. இரண்டையும் கூட்டினால் 49. பிசி 7 சென்ரிமீற்றர். 9.43 எங்கே, 7 எங்கே! உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கப் போனால் இதையே கோசைன் விதி என்று ஒரே வரியில் எழுதத் தருவார்கள். அந்த ஒரு வரிக்குள் இருப்பது நீர் இறக்கிய இந்தச் செங்குத்துத்தான்.

இதை எழுதும்போது உமது அம்மப்பாவின் நினைவு வருகிறது. மீள்குடியேறி வந்த காலத்தில் அவர் மேசன் வேலை செய்தார். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் நூல் பிடிக்கும்போது நான்தான் மறுமுனையில் நிற்பேன். ஒரு முளையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நாலடியும் அளந்து குறித்து, குறுக்கே சரியாக ஐந்தடி வரும்வரை ஒரு நூலை மெல்ல மெல்ல நகர்த்துவார். பைதகரசின் தேற்றத்தின் மறுதலை அது: பக்கங்களைக் கொண்டு கோணத்தைப் பெறுவது. ஒரு நாள் பெரிய மண்டபம் ஒன்றுக்கு மூன்று, நாலு, ஐந்தை விட்டுவிட்டு ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து அடியில் பிடித்தார். ஏன் என்று கேட்டேன். “சின்னனில் விட்ட பிழை சுவர் நீள நீள வளரும்” என்றார். பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடிக் குறுக்கில் ஓர் அங்குலம் கூடினால் கோணம் 90க்குப் பதிலாக 92 பாகை ஆகிவிடுகிறது. 30 அடிச் சுவர் ஒன்றின் முடிவில் அது ஏறக்குறைய ஓர் அடி விலகல். பதினைந்தடிக் குறுக்கில் அதே ஓர் அங்குலம் கூடினால் கோணம் முக்கால் பாகைகூட மாறுவதில்லை. அவர் பாடசாலையில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவரல்லர்.

இணையத்தில் சுற்றும் பழைய தமிழ்ச் செய்யுள் ஒன்றின் வழியை வைத்துக்கொண்டு, வர்க்கமூலமே இல்லாமல் செம்பக்கத்தை, அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தை, காணலாமா என்றும் கேட்டிருந்தீர். நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளி, எஞ்சியதோடு குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்ட வேண்டும் என்பது அந்த வழி. மூன்றுக்கும் நாலுக்கும் செய்து பாரும்: மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து. ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. இரண்டும் துல்லியம். ஆனால் இரண்டு பக்கமும் பத்தாக இருந்தால் அந்த வழி 13.75 என்கிறது, உண்மை நீளம் 14.14. கைமரம் அறுப்பதற்கு முன் மனதில் மதிப்பிட்டுக்கொள்ள அருமையான வழி. பரீட்சைத் தாளில் எழுத வேண்டாம். அது தமிழில் இருக்கிறது என்பதற்காக அதைத் தேற்றம் என்று சொல்வது, அதைக் கண்டவருக்கும் நாம் செய்யும் மரியாதை அன்று.

இனி நீர் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன்: எத்தனை தரவு இருந்தால் மிகுதியைக் காணலாம்? பொதுவாக மூன்று போதும், அவற்றில் ஒன்றேனும் பக்கமாக இருக்க வேண்டும். மூன்று கோணங்களையும் தந்தால் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. உள்ளங்கையில் வரைந்த முக்கோணிக்கும் வயல் அளவு முக்கோணிக்கும் கோணங்கள் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் கோணங்களே மிகுதி வேலையைச் செய்துவிடும். உங்கள் ஊர்க் குளக்கட்டில் 100 மீற்றர் அளந்து, இரு முனைகளிலிருந்தும் எதிர்க்கரைப் பனையைப் பார்க்கும் கோணங்கள் 80, 70 பாகை என்று கண்டால், பனையடியில் உள்ள கோணம் 30 பாகை. பக்கங்களும் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களின் சைன்களும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்னும் சைன் விதிப்படி, 80 பாகைக் கோணம் எடுத்த முனையிலிருந்து பனைக்கு உள்ள தூரம் ஏறக்குறைய 188 மீற்றர். தண்ணீரில் கால் வைக்கவே தேவையில்லை. 1802 இல் பிரித்தானிய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை மிகக் கவனமாக அளந்து, அதிலிருந்து முக்கோணிமேல் முக்கோணியாகக் கட்டிக்கொண்டு இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இந்த அடிப்படையில்தான்.

மூன்று தரவு இருந்தும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு முக்கோணிகள் எல்லா விதத்திலும் சமம் என்னும் ஒருங்கிசைவுக்குப் ப.ப.ப., ப.கோ.ப., கோ.கோ.ப. என்று பாடமாக்கியிருப்பீர் (ப. என்பது பக்கம், கோ. என்பது கோணம்); ப.ப.கோ. ஏன் அந்த வரிசையில் இல்லை என்று கேட்டுப் பார்த்தீரா? மேலே உள்ள அதே முக்கோணியை எடும். ஏ என்ற கோணம் 60 பாகை, ஏபி 8, பிசி 7. இப்போது ஏசி தெரியாது என்று வைத்துக்கொள்ளும். 5 என்று உடனே சொல்லத் தோன்றும். ஏயிலிருந்து 60 பாகையில் ஒரு கோட்டை நீளமாகக் கீறிவிட்டு, கவராயத்தை 7 சென்ரிமீற்றருக்கு விரித்து, முனையை பியில் ஊன்றி, வில் ஒன்று வெட்டிப் பாரும். வில் அந்தக் கோட்டை ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று ஏயிலிருந்து 5 சென்ரிமீற்றரில். மற்றதையும் அளந்து, அந்த எண் ஏன் வந்தது என்பதை பியிலிருந்து செங்குத்து இறக்கிக் காரணத்தோடு எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் படம் எடுத்து அனுப்பும். இம்முறை அளக்கலாம், படத்தை நீரே அளவுக்கு வரைந்திருப்பீர்.

அன்புடன்,
மாமா
கிளிநொச்சி