வாய்க்கால் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும், அங்கேயாவது படிக்கவும்.

பொங்கல் விழா, மரக்கன்று நடுதல், குறைதீர் நாளில் மனு கொடுத்தது எல்லாம் வழக்கம்போல நடந்தன. மேட்டூர் திறப்புக்கு முன் வாய்க்கால் தூர்வாரினோம். கடைமடைவரை முடிக்க ஆள் வரவில்லை.

இந்த ஆண்டின் முக்கிய வேலை மண், நீர் பற்றிய அடிப்படைப் பயிற்சி. "நாலு தலைமுறையா உழுறோம், எங்களுக்கே மண்ணைப் பத்திப் பாடமா?" என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மண் மாதிரி கொண்டுவரச் சொன்னால், ஒருவர் எருக்குழி ஓரத்திலேயே அள்ளி வந்தார். அதில் எருவின் சத்து தெரியும், வயலின் சத்து எப்படித் தெரியும்? வரப்பு, மரநிழல் தவிர்த்துப் பல இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம்வரை பக்கவாட்டில் சீவி எடுத்து, கலந்து, அரை கிலோவாகக் குறைத்துத் தர வேண்டும். வெள்ளை பூத்த நிலத்துக்கெல்லாம் ஒரே வைத்தியம் பார்த்துவந்தோம். உவராக இருந்தால் நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தே உப்பைக் கரைத்துவிடலாம். சோடியம் மிகுந்த களர் நிலம் அப்படியல்ல, கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியிருக்கும், ஜிப்சம் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும்.

அப்புறம் நீர்மட்டக் குழாய். 30 செ.மீ. நீளப் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அதுவரை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். உள்ளே தண்ணீர் வயல் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. கடைமடைப் பெரியவர் ஒருவர் குச்சியை விட்டுப் பார்த்து, "மேல ஒண்ணுமில்ல, நாலு விரக்கடைக்குக் கீழ தண்ணி நிக்குது தம்பி" என்றார். அன்று அவர் மோட்டார் போடவில்லை.

இதைக் கேட்டிருக்க வேண்டிய தலைமடை உறுப்பினர்கள் ஒருவரும் வரவில்லை. அவர்கள் வயலில் வரப்பு வழியத் தண்ணீர் நிற்கிறது, கீழே பயிர் காய்கிறது. சந்தா பாக்கியும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். பதிவேட்டில் இருப்பதால் சொல்கிறேன், மனத்தாங்கல் எதுவும் இல்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. குழாய், வண்டி வாடகை, டீ, வடை வகையில் செலவு சற்றுக் கூடியதைக் கைப்பணத்தில் சமாளித்திருக்கிறேன். விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம்.

பாடம் எடுத்த வேளாண் அலுவலர்களுக்கும், களத்தையும் மைக் செட்டையும் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கோடையிலேயே மண் மாதிரி எடுத்து, மதகுக்கு மதகு முறைவைத்துத் தண்ணீர் விட உத்தேசம். சந்தா வராமல் இது நடக்காது. செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்பதாக இருந்தால் சாவியையும் பதிவேட்டையும் சந்தோஷமாகத் தருகிறேன். அதுவரை ரசீது புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்