விமானக் கம்பெனிய மூடுனது பயணியா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை தலையங்கத்துல, மலிவு டிக்கெட்டுக்கு அலையும் பயணிகளால்தான் விமான நிறுவனங்கள் நஷ்டத்தில் தள்ளாடுகின்றனனு எழுதியிருந்தீங்க. ரொம்ப சந்தோஷம். மதுரைல டிராவல்ஸ் வச்சு டிக்கெட் போட்டு கொடுக்குறவன் நான், அந்த அலையுற ஜனத்த தினம் பாக்குறேன். தீபாவளி சமயத்துல சென்னை ரேட்ட ஸ்கிரீன்ல காட்டுனா மறுபேச்சு பேசாம எழுந்து ஆம்னி பஸ்சுக்கு போயிடுறாங்க, அங்க நடக்குற கொள்ளை தனிக்கதை.

உங்களுக்குத் தெரியாததா, விமானக் கம்பெனி செலவுல கிட்டத்தட்ட 40 சதவீதம் எரிபொருளுக்கே போயிடுது. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப ஏடிஎஃப்ப (விமான எரிபொருள) மட்டும் வெளிய வச்சுட்டாங்க, அதனால மாநிலத்துக்கு ஒரு வாட் வரி (மாநில விற்பனை வரி), கட்டுன வரிய கழிச்சுக்கவும் வழியில்ல. பிளேன் வாடகை டாலர்ல, நம்மகிட்ட வாங்குறது ரூபாய்ல. ரூபாய் சரிஞ்சா அதுக்கும் பயணிதான் காரணமா? 2025 டிசம்பர்ல இண்டிகோ ஃபிளைட்டுங்க ஆயிரக்கணக்குல கேன்சலாகி, அரசாங்கமே தலையிட்டு 18,000 ரூபாய் வரைக்கும்னு உச்சவரம்பு போட்டுச்சே, மலிவா வித்தா எதுக்கு சார் உச்சவரம்பு? பத்துல ஒம்போது பேர் ரெண்டே விமானக் கம்பெனி குரூப்ல பறக்குற நாட்டுல மலிவு எங்கேருந்து வரும்?

எங்க கதைய யாரும் எழுத மாட்டீங்க. 2008ல விமானக் கம்பெனிங்க எங்க ஏஜென்ட் கமிஷன வெட்டுனாங்க, அந்தக் காசையும் மிச்சம்புடிச்ச பெறகுதான் 2012ல கிங்ஃபிஷர் நின்னுச்சு, 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாசத்துல கோ ஃபர்ஸ்ட். ஒரு கம்பெனில (பேரு வேணாம்) நான் முன்பணம் கட்டி வச்சிருந்தேன், நாங்க டிக்கெட் போடணும்னா முதல்ல காச அங்க கட்டணும், ராத்திரியோட ராத்திரியா சர்வீஸ நிறுத்திட்டாங்க. மக பிரசவத்துக்கு புனே போக வேண்டிய ஒரு அம்மா, நாலா மடிச்ச பிரிண்ட் அவுட்ட சுருக்குப்பைலேருந்து எடுத்து நீட்டி "ஏய்யா, பிளேன் போகாட்டி காசு வந்துரும்ல"ன்னு கேட்டாங்க. கைக்காச எடுத்து கொடுத்தேன், வேறென்ன பண்ண. திவால் சட்டப்படி மொதல்ல திவால் நடவடிக்கை நடத்துன செலவு, அப்புறம் தொழிலாளி சம்பளமும் அடமானம் வச்சு கடன் கொடுத்த பேங்க்கும், அப்புறம் அரசாங்க பாக்கி, என்னைய மாதிரி ஆளுங்க அதுக்கும் கீழ. ஜெட்ட கலைச்சு விக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் சொன்னதே 2024 நவம்பர்லதான், நின்னு அஞ்சு வருஷத்துக்கு மேல.

நீங்க பெரியவங்க, மறுப்பு போடச் சொல்லல. ஒரு கம்பெனி திவால்னு அறிவிச்சா டிக்கெட் வாங்குனவங்க யாருகிட்ட, எந்த பாரத்துல, எத்தன நாளைக்குள்ள கிளெய்ம் போடணும்னு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. இடம் இல்லேன்னா ராசிபலனுக்குப் பக்கத்துலயாவது.

இப்படிக்கு,
டிராவல்ஸ் நடத்தும் வாசகர்,
மதுரை