வெள்ளை பூத்த திராட்சை இலைக்கு ஒரே மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடித்தோட்டக் குறிப்புகள் பலவும், திராட்சை இலையில் வெள்ளை பூத்தால் ‘வேப்பெண்ணெய் தெளியுங்கள்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. வெள்ளையாகத் தெரிபவை இரண்டு வேறு நோய்கள். ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காது.

முதலில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேற்புறம் எண்ணெய் பட்டாற்போல் மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே அடிப்புறத்தில் மட்டும் வெண்பஞ்சு என்றால் அது அடிச்சாம்பல் நோய். பஞ்சு தெரியாவிட்டால் இலையை ஈரத்துணியுடன் பாலித்தீன் பையில் ஒரு இரவு வைத்தால், பெரும்பாலும் காலையில் தெரிந்துவிடும். இரண்டு புறமும் மாவு தூவியதுபோல் இருந்து, தேய்த்தால் விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். இது பிஞ்சில் பிடித்தால் தோல் விரியாமல் சதை மட்டும் பெருத்து, காய் வெடிக்கும். இவை இரண்டும் அல்லாமல், பழுப்பு ஓரமும் சாம்பல் நிற நடுவுமாகப் புள்ளி விழுந்து, பின்னர் ஓட்டையானால் அது மூன்றாவதான பறவைக்கண் நோய்.

அடிச்சாம்பலுக்கும் பறவைக்கண்ணுக்கும் இலையில் ஈரம் நிற்க வேண்டும். மாலையில் பந்தல் மேல் தண்ணீர் பீய்ச்சுவது இவற்றை வரவழைக்கிற வேலை. வேருக்கு மட்டும், அதுவும் காலையில் ஊற்றுங்கள். சாம்பல் நோய்க்கு இலை நனையவே வேண்டாம், அடர்ந்த நிழலும் காற்றோட்டமின்மையும் போதும்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தூள் (வெட்டபிள் சல்ஃபர்), லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் விட்டே கந்தகத்தைத் தொட வேண்டும். அடிச்சாம்பலைக் கந்தகம் ஒன்றும் செய்யாது.

மற்ற இரண்டுக்கும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவை. பிளாஸ்டிக் வாளியில் 50 கிராம் மயில்துத்தத்தை இரண்டரை லிட்டர் நீரில் கரையுங்கள். 50 கிராம் சுட்ட சுண்ணாம்புக் கல்லை வேறொரு வாளியில் நீற்றி, இரண்டரை லிட்டராக்கி ஆறவிட்டு வடிகட்டுங்கள். பசை கலந்த வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றினால் கலவை திரிந்துவிடும். துருவில்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். இரும்பு வாளி வேண்டாம். அன்றே தெளித்துத் தீர்க்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

இது வருமுன் காக்கும் மருந்து. மழைக்கு முன்பே இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால்தான் பயன். புள்ளி விழுந்த இலை தேறாது, பறித்து எரித்துவிடுங்கள். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் தெளிப்பை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் நீலக்கறை குலையோடு வீட்டுக்குள் வரும்.

நம் ஊர் வெப்பத்தில் பன்னீர் திராட்சைக் கொடி குளிர்நாட்டுக் கொடிபோல் முழுக்க இலை உதிர்த்து ஓய்வதில்லை. பழைய இலையிலிருந்து நோய் புதுக் கொழுந்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஆகவே கவாத்தின்போது (கொடியை வெட்டிவிடும்போது) எல்லா இலையையும் நீக்கி, உரிந்து தொங்கும் பட்டையையும் சுரண்டி எடுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். பசைக்குத் துத்தமும் சுண்ணாம்பும் தலா 100 கிராம், தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டர்.

– வாசகர், கம்பம்