எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: வட்டத்தின் பரப்பளவும் நம் தோட்டத்துக் கணக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பில் இப்போது அளவைகள் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளை டேப்பையும் சணல் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் சுற்றினால் திட்டாதீர்கள், அது நாங்கள் கொடுத்த வீட்டுப்பாடம்தான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'பை ஆர் ஸ்கொயர்' என்று சொல்கிற பிள்ளைகள்தான், விட்டம் 14 செ.மீ. என்று கொடுத்தால் அந்தப் 14ஐயே வர்க்கமாக்கி 616 என்று எழுதி வைக்கிறார்கள். ஆரம் 7, விடை 154 ச.செ.மீ. பக்கம் 14 உள்ள சதுரமே 196தான், அதற்குள் அடங்கும் வட்டம் எப்படி 616 ஆகும் என்று யாருக்கும் உறுத்தவில்லை. சூத்திரம் வாயில் இருக்கிறது, வட்டம் கண்ணில் இல்லை.

அதனால் வகுப்பில் ஒரு காகித வட்டத்தைப் பதினாறு துண்டாக வெட்டித் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்க வைத்தோம். ஏறக்குறைய ஒரு செவ்வகம் வந்துவிடும், அதன் நீளம் சுற்றளவில் பாதி, உயரம் ஆரம். கணக்கதிகாரம் என்ற நம் பழைய கணக்கு நூல் சொல்லும் வழியும் இதுதான், பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு என்கிறது.

இனி தோட்டத்துக்கு வருவோம். கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுகிறவர்களுக்கு ஸ்பிரிங்ளர் புதிதில்லை. ஒன்று 7 மீட்டர் தூரம் தெளிக்கிறது, நாலு ஸ்பிரிங்ளரை 14 மீட்டர் சதுரத்தின் நாலு மூலையில் நட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சதுரத்துக்குள் கால்வட்டம் நனைக்கும். நாலு கால்வட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், 154 ச.மீ. சதுரமோ 196. மீதி 42 ச.மீ. நடுவில் காய்ந்து கிடக்கும். புத்தகத்தில் நிழலிட்ட பகுதி என்று வருகிற படம் அப்படியே இதுதான், ஆனால் அங்கே அது யாருடைய கேரட்டும் இல்லை என்பதால் பிள்ளைகளுக்கு அக்கறை வருவதில்லை. 14க்குப் பதில் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நெருக்கி நட்டால் நடுவிலும் தண்ணீர் விழுந்துவிடும், காற்று இல்லாதவரை. உங்களில் பலர் கணக்கே போடாமல் அப்படித்தான் நடுகிறீர்கள். ஏன் அந்த இடைவெளி என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், விடை வர்க்கமூலத்தில் போய் நிற்கும்.

தேயிலை வைத்திருப்பவர்களுக்கு வேறொன்று. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை அனுமதி வாங்கி வெட்டி விற்கும்போது, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி அளவு சொல்கிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. சுற்று 88 செ.மீ. என்றால் கால்பங்கு 22, பெருக்கினால் 484. ஆனால் 88 சுற்றுள்ள வட்டத்தின் ஆரம் 14, உண்மையான பரப்பு 616. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பரப்பு கணக்கில் விடுபட்டுப் போகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல வரவில்லை, பட்டையும் சீவிப்போகும் கழிவும் கழியட்டும் என்று வைத்த முறை அது, விலையும் அதற்குத் தகுந்தாற்போல் பேசினால் சரி. அளவு அந்த முறையில், விலை முழு மரத்துக்கான கணக்கில் என்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். 484ஐ 616ஆல் வகுத்தாலும், 154ஐ 196ஆல் வகுத்தாலும் ஒரே விடை, 11/14. கேரட் காட்டிலும் மரத்திலும் ஏன் ஒரே பின்னம் வருகிறது? இதை வகுப்பில் சொல்லாமல் வைத்திருக்கிறோம், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தெரிந்த பெற்றோர் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் மூன்று மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளந்து, ஆரமும் பரப்பும் போட்டு நோட்டில் கொண்டு வர வேண்டும். தோட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பள்ளி மைதானத்து மரங்களையும் சின்டெக்ஸ் தொட்டியையும் அளக்கலாம், குறைவாக மதிப்பெண் போட மாட்டோம். டியூஷனில் விடை எழுதி வாங்கி வருவது மட்டும் வேண்டாம், மரத்தை நாங்களும் போய் அளப்போம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அனுப்பாதீர்கள், காட்டெருமை நடமாட்டம் உங்களுக்கே தெரியும். சரிவில் நிற்கும் மரம் என்றால் பெரியவர் ஒருவர் கூடப் போங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்