கார்பன் ரிம்மைக் கெடுத்த பசை நீக்கி ஜெல்: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: டியூபுலர் ரிம் பசை நீக்கி ஜெல் – இழப்பீடும் லேபிள் திருத்தமும் கோருதல்

ஐயா / அம்மா,

டியூபுலர் என்பது சைக்கிள் ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டயர்; அந்தப் பழைய பசையை எடுக்கத்தான் உங்கள் ஜெல்லை வாங்கினேன். டப்பாவின் முன்பக்கத்தில் ‘அலுமினியம், கார்பன் இரண்டுக்கும் ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில் முதலில் வருவது மெத்திலீன் குளோரைடு. பெயிண்ட்டையும் எபாக்சியையும் உரிக்கவே பயன்படும் கரைப்பான் அது. கார்பன் ரிம்மில் கார்பன் இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பதே எபாக்சி ரெசின்தான். டியூபுலர் பசையை இளக்கிய கையோடு ரிம்மையும் அது இளக்கும் என்பது தயாரித்தவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

லேபிளில் சொன்னபடியே என் கார்பன் ரிம்மில் தடவி, 30 நிமிடம் ஊறவிட்டதில் டயர் உட்காரும் பள்ளத்தின் மேல்பூச்சு குமிழ்விட்டு உரிந்தது. வால்வுத் துளையைச் சுற்றி இழை வெளியே தெரிகிறது. ஸ்போக் துளைகளை அடைக்கச் சொல்லி லேபிளில் ஒரு வரிகூட இல்லை. துளை வழியாக உள்ளே இறங்கும் ஜெல்லை யாராலும் துடைத்தெடுக்க முடியாது. பிறகு ‘கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும்’ என்கிறீர்கள். அலுமினியத்துக்குச் சரி, கார்பனில் அது இழையை அறுக்கும். அந்தப் படியை நான் செய்யவில்லை.

அலுமினிய ரிம்மில் உங்கள் ஜெல் நன்றாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. பல அடுக்காகக் காய்ந்து கட்டிதட்டிய பசையும், டயரின் அடித்துணியிலிருந்து ஒட்டிக்கொண்ட நூலும் பிளாஸ்டிக் சுரண்டியோடு வந்துவிடுகின்றன. ஆனால் அங்கும் ஒரு குறை. ஜெல் சீக்கிரம் ஆவியாகாமல் இருக்க அதில் மெழுகு சேர்த்திருக்கிறீர்கள். துடைத்த பிறகும் அது மெல்லிய படலமாக ரிம்மில் தங்குகிறது. அதன் மேல் புதுப் பசை பூசினால் பிடிக்காது. வளைவில் சாயும்போது டயர் ரிம்மை விட்டு உருண்டு வெளியே வரும். ஆள் விழுவது அப்படித்தான். மினரல் டர்பன்டைனால் மெழுகைத் துடைத்து, அதற்கப்புறம் அசிட்டோனால் ஒருமுறை துடைத்து, தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது, சீராகப் பரவினால் போய்விட்டது.

கார்பனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்துப் பிழிந்து, ஒரு சாண் நீளம் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து அடுத்த சாணுக்கு நகர்ந்தால் போதும். ஊற்றக் கூடாது, ஊறவிடக் கூடாது, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பக்கமே போகக் கூடாது. பழைய பசை மெல்லியதாக, சீராக, கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே பூசலாம் என்பதையும் லேபிளில் சேருங்கள். (விற்பனை குறையும் என்று தயங்குவீர்கள்.)

‘கையுறை அணியவும்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கடையில் கிடைக்கும் சாதாரண நைட்ரைல் கையுறையை மெத்திலீன் குளோரைடு சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அதன் கொதிநிலையும் 40 டிகிரியை ஒட்டியதுதான். நம் ஊர் மே மாத மதியத்தில் மூடியைத் திறந்தாலே ஆவி சீறும். மூடிய அறையில் அந்த ஆவி உயிருக்கே ஆபத்து. வீட்டு உபயோக பெயிண்ட் ரிமூவர்களில் இதை விற்க அமெரிக்கா 2019இல் தடை விதித்தது. உங்கள் லேபிளில் ‘காற்றோட்டமான இடம்’ என்ற சொல்கூட இல்லை.

நான் கேட்பது: ஜெல்லின் விலை, அதே ரகத்தில் ஒரு புது ரிம், அதில் ஸ்போக் கோர்க்கும் கூலி. கூடவே ‘கார்பன்’ என்ற சொல்லை லேபிளிலிருந்து நீக்கி, இப்போது கடைகளில் இருக்கும் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும். சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாததால் விளையும் கேட்டுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 84 சொல்கிறது. 15 நாட்களில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீது நகலும் புகைப்படங்களும் இணைத்துள்ளேன். ரிம்மும் மீதி ஜெல்லும் என்னிடமே உள்ளன. உங்கள் ஆட்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்