பெட்ரார்க்குக்கு முன்பே பதுவை

ஆசிரியருக்கு வணக்கம்.

இத்தாலிய மறுமலர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1341-இல் ரோமில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்கு, சிறந்த கவிஞருக்கு அணிவிக்கும் லாரல் இலை முடி சூட்டப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. பழைய லத்தீன் கவிதைக்கு உயிர் கொடுத்த முதல்வர் அவரே என்றும் முடிவு கட்டிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1315 டிசம்பரில், வட இத்தாலியின் பதுவை நகரம் தன் கவிஞர் அல்பெர்ட்டினோ முஸ்ஸாட்டோவுக்கு அதே முடியைச் சூட்டிப் பெருமைப்படுத்தியிருக்கிறது.

பதுவை என்றால் நமக்குப் புனித அந்தோனியார்தான் நினைவுக்கு வருவார். அவர் மறைந்த அடுத்த தலைமுறையில், அந்த ஊர் நீதிபதி லொவாட்டோ லொவாட்டி வழக்குகளுக்கு நடுவே பண்டைய ரோம எழுத்தாளர் செனக்காவின் நாடகங்களைத் தேடிப் படித்து, அவற்றின் யாப்பை ஆராய்ந்தார். திரெவிசோ நகரில் ஒரு பாடகன் பேரரசன் சார்லமேனின் கதையைக் குளறுபடியான பிரெஞ்சில் பாட, கூட்டம் மெய்மறந்து கேட்டதைத் தன் கவிதைக் கடிதம் ஒன்றில் எரிச்சலோடு எழுதுகிறார். கூட்டம் எதை விரும்பினாலும் தன் வழி பண்டைய லத்தீன் கவிஞர்களின் வழியே என்பதில் அவர் அசையவில்லை. அவர் 1309-இல் இறந்தபோது பெட்ரார்க் ஐந்து வயதுகூட நிரம்பாத சிறுவன். பின்னாளில் அந்தப் பெட்ரார்க்கே, சட்டத்தையும் கவிதையையும் ஒன்றாகக் கலக்காமல் இருந்திருந்தால் லொவாட்டோ தம் காலக் கவிஞர்களில் தலைசிறந்தவராகியிருப்பார் என்று எழுதினார். சட்டம் அவருக்குத் தடையாக இருந்தது என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அன்றாடம் லத்தீனில் புழங்கிய நீதிமன்றத்தாரிடமிருந்துதான் இந்த ஆர்வமே கிளம்பியது.

லொவாட்டோவின் வழிவந்த முஸ்ஸாட்டோ பத்திரம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். இளமையில் மாணவர்களுக்கு நூல்களைப் படியெடுத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அவருக்கு முடி வாங்கித் தந்த 'எசெரினிஸ்', செனக்காவின் பாணியில் அமைந்த லத்தீன் துன்பியல் நாடகம். அதன் நாயகன் பழங்கதை அரசன் அல்ல. பதுவையை ஆண்டு கொடுமைப்படுத்தி 1259-இல் மாண்ட கொடுங்கோலன் எஸ்ஸெலினோ. அவன் பேய்க்குப் பிறந்தவன் என்பதைத் தாயே அவனிடம் சொல்லும் காட்சியோடு நாடகம் தொடங்குகிறது. எழுதப்பட்ட நேரத்தில் வெரோனா நகரின் ஆட்சியாளன் கான்கிராண்டே பதுவையை நெருக்கிக்கொண்டிருந்தான். பழைய கொடுங்கோலனைக் காட்டிப் புதியவனைப் பற்றி எச்சரித்த நூலை, ஆண்டுதோறும் மக்கள் முன் வாசிக்க நகரம் ஏற்பாடு செய்தது. ஆனாலும் 1328-இல் நகரம் கான்கிராண்டேயிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு முஸ்ஸாட்டோ வெனிசுக்கு அருகிலுள்ள கியோஜாவில் நாடுகடத்தப்பட்டவராகவே இறந்தார்.

பெட்ரார்க்கின் பெருமையை நான் குறைக்கவில்லை. 1345-இல் வெரோனாவில் பண்டைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தது ஒன்றே அவர் புகழுக்குப் போதும். ஆனால் பழைய நூல்களை அழகுக்காக மட்டும் அல்லாமல், தங்கள் ஊரின் ஆபத்தை ஊருக்குச் சொல்லவும் பயன்படுத்திய இந்த இருவரை விட்டுவிட்டால் வரலாறு பாதியிலிருந்து தொடங்கியதாகிவிடும். தொடரின் அடுத்த பகுதியில் பதுவைக்கு இடம் கொடுங்கள். 'எசெரினிஸ்' அளவில் சிறிய நாடகம்தான். லத்தீன் அறிந்த ஒருவரைக் கொண்டு அதன் ஒரு காட்சியையாவது தமிழாக்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சி